அன்பளிப்பாக மூன்று லிட்டர்

ஓடாத எஞ்சினைப் பார்த்தால் எனக்குப் பசி எடுக்கும். என் மனைவி நிர்மலா இதை நோய் என்கிறாள். நான் தொழில் பக்தி என்று சொல்லிக்கொள்கிறேன். அரியாங்குப்பத்தில் இருக்கும் என் பட்டறைக்கு மருந்தடிக்கிற மெஷின், புல் வெட்டுகிற மெஷின், கல்யாண மண்டபத்து ஜெனரேட்டர் என்று எது வந்தாலும் என் கை முதலில் போவது கார்புரேட்டருக்குத்தான். பெட்ரோலையும் காற்றையும் சரியான அளவில் கலந்து எஞ்சினுக்கு ஊட்டிவிடுகிற, உள்ளங்கைக்குள் அடங்குகிற அந்தச் சாமான்மேல் எனக்கு அப்படி ஒரு பிரியம். பெல்ட் அறுந்து வந்த மெஷினில்கூட கார்புரேட்டரைக் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் ராஜவேல் பெல்ட்டுக்கு வருவான் என்று மற்ற மெக்கானிக்குகள் பேசிக்கொள்கிறார்களாம். பொறாமை. அப்படி இரண்டு தடவைதான் நடந்திருக்கிறது.

ஆடி மாதம், வீராம்பட்டினத்துத் தேருக்கு முதல் நாள், வியாழக்கிழமை சாயந்திரம் கரீமா வந்தார். லோடு ஆட்டோவில் கரும்புச் சாறு பிழியும் வண்டி. வண்டியின் வயிற்றில் கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்கிற சின்ன பெட்ரோல் எஞ்சின். உழவர்கரைப் பக்கம் பதினோரு வருடம் கையால் சக்கரம் சுற்றிச் சாறு பிழிந்தவர் கரீமா. வலது தோள் போய்விட்டது. அந்தக் கையால் தலைக்கு மேல் எதையும் எடுக்க முடியாது. இந்தச் சித்திரையில்தான் எஞ்சின் வைத்தார்.

"ஓடுதுண்ணே," என்றார். "பத்து நிமிஷம் ஜம்முனு ஓடுது. அப்புறம் மூச்சு வாங்குற மாதிரி இழுத்து இழுத்து நின்னுடுது. கொஞ்ச நேரம் வுட்டுட்டு கயித்த இழுத்தா திரும்பப் பத்து நிமிஷம் ஓடுது."

நோயாளி இவ்வளவு தெளிவாகச் சொன்னால் டாக்டர் கும்பிடுவார். நானும் கேட்டேன். காதுதான் கேட்டது, கை அதற்குள் ஸ்பேனரை எடுத்துவிட்டது.

"கார்புரேட்டர்தாம்மா," என்றேன். "பெட்ரோல் எப்ப போட்டது?"

"செவ்வாக்கிழமண்ணே. பெட்ரோல் பங்குல."

"இப்ப வர்ற பெட்ரோல்ல எத்தனால் கலக்குறாங்க. காத்துல இருக்குற ஈரத்தையெல்லாம் இழுத்துக்கும். ரொம்ப நாள் வெச்சிருக்கக் கூடாது."

"மூணு நாள்தாண்ணே ஆவுது."

"பொதுவா சொல்றேம்மா."

பொதுவாகச் சொல்வதில் எனக்கு நிகர் கிடையாது.

எஞ்சினைப் பிரிக்கும்போதே கரீமா விஷயத்தைச் சொன்னார். தேருக்கு வீராம்பட்டினத்தில் கடை போட மூன்று வருடமாகக் கேட்டு, இந்த வருடம்தான் இடம் கிடைத்திருக்கிறது. தேர் திரும்புகிற முனை. சுண்ணாம்புக் கோடு போட்டுக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் ஒரு கட்டுப்பாடு. காலை எட்டரைக்கு விழாக் கமிட்டியிலிருந்து பலராமன் என்பவர் நோட்டோடு வருவார். அந்த நேரத்தில் எந்தக் கடை நடக்கிறதோ அதற்குத்தான் இடம். இந்த வருடம் பெயர் ஏறினால் அடுத்தடுத்த வருடமும் அதே இடம். ஏறாவிட்டால் காத்திருக்கிற ஆளுக்குப் போய்விடும். திரும்பக் கேட்டு வாங்க இன்னும் எத்தனை வருடமோ.

"காத்திருக்கிறது யாரு?"

"எளநிக் கடை கொளஞ்சி. அவருக்கு என்னாண்ணே, எஞ்சினா மண்ணா? அருவா இருந்தா கடை தொறந்துடலாம்."

"கவலப்படாதீங்க. இது ராஜவேல் கை," என்றேன்.

அவர் முகம் தெளிந்தது.

டேங்கில் மிச்சமிருந்த பெட்ரோலை ஒரு பாட்டிலில் பிடித்தேன். கார்புரேட்டரைக் கழற்றி, அடியில் இருக்கும் கிண்ணத்தைத் திறந்து, பெட்ரோல் ஏறுகிற ஜெட்டை எடுத்தேன். ஜெட் என்றால் ஊசி நுழைகிற அளவு ஓட்டை உள்ள பித்தளைத் துண்டு. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் ஓட்டை சுத்தமாகத்தான் இருந்தது. இருந்தாலும் காற்றடித்தேன். சுத்தமாக இருப்பதை மேலும் சுத்தம் செய்வதில் ஒரு நிம்மதி உண்டு. டேங்க் மூடியைத் திருப்பிப் பார்த்தபோது உள்ளே ரப்பர் வாஷருக்கு அடியில் வட்டமாக வெட்டிய பாலித்தீன் தாள் ஒன்று அழகாகச் சொருகியிருந்தது. எவ்வளவு சுத்தக்காரி என்று மனதுக்குள் பாராட்டிவிட்டு மூடியை ஓரமாக வைத்தேன். இந்தப் பாராட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் மாட்டி, பாட்டிலிலிருந்து கொஞ்சம் ஊற்றிக் கயிற்றை இழுத்தேன். முதல் இழுப்பிலேயே பிடித்தது. இரண்டு நிமிடம் ஓடவிட்டேன். பட்டறையே அதிர்ந்தது. போதும் என்று அணைத்தேன். பத்து நிமிடத்தில் நிற்கிற எஞ்சினை இரண்டு நிமிடம் ஓட்டிச் சோதித்த மேதை அன்றைக்குப் புதுச்சேரி முழுக்கத் தேடினாலும் நான் ஒருவன்தான் இருந்திருப்பேன்.

அதோடு விட்டிருக்கலாம். கரீமா இடது கையால் வலது தோளைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். ஏதாவது செய்யணும்போல இருந்தது. "இருங்க, டேங்க நெரப்பித் தர்றேன். தேருக்கு என்னோட அன்பளிப்பு," என்று உள்ளே போய்க் கேனை எடுத்து வந்தேன்.

அந்தக் கேனுக்கு ஒரு வரலாறு உண்டு. நிர்மலாவின் தம்பி விஜயராகவன் விழுப்புரத்தில் இருக்கிறான். எல்லைக்கு அந்தப் பக்கத்தைவிட எங்கள் பக்கம் பெட்ரோல் விலை குறைவு. அதனால் எங்கள் வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்கள் பாசம் பாதி, பெட்ரோல் பாதியாகத்தான் வருவார்கள். விருந்துக்கு வந்தவன் பங்கில் வரிசையில் நிற்கக்கூடாதென்று நானே முன்கூட்டி வாங்கிக் கேனில் வைத்துவிடுவேன். கறிக்குழம்பு மாதிரி அதுவும் ஒரு உபசாரம். பொங்கலுக்கு வருகிறேன் என்றான் விஜயராகவன். வரவில்லை. கேன் கொல்லையில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்றது. மூடியில் ஒரு கீறல். மாசி, பங்குனி, சித்திரை என்று ஏழு மாதம், நடுவில் நாலு நல்ல மழை.

அதிலிருந்து மூன்று லிட்டர் கரீமாவின் டேங்கில் ஊற்றினேன். அவருடைய பழைய பெட்ரோலை என் ஸ்கூட்டரில் ஊற்றிக்கொண்டேன்.

"நல்லா இருங்கண்ணே," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை ஆறே முக்காலுக்குப் போன்.

"அண்ணே, புடிக்கல."

"சோக்கு போட்டீங்களா?"

"சோக்கு போட்டும் பாத்தாச்சு, போடாமலும் பாத்தாச்சு. லொக்கு லொக்குனு இருமிட்டு நின்னுடுது. ஒரு நிமிஷங்கூட நிக்கல."

ஸ்கூட்டரை எடுத்தேன். பதினைந்து வருடத்துப் பழசு. காலையில் உதைத்து உதைத்துக் கெஞ்சினால்தான் கிளம்பும். அன்றைக்கு ஒரே உதை. வீராம்பட்டினம் வரைக்கும் பறந்தது. வண்டிக்குக்கூட இது அவசரம் என்று தெரிந்திருக்கிறதே என்று நெகிழ்ந்துபோய் ஓட்டினேன்.

கூட்டம் அதற்குள் சேர்ந்திருந்தது. கடலிலிருந்து காற்று, கற்பூர வாசனை, வரிசையாகப் பொம்மைக் கடைகள். முனையில் கரீமாவின் வண்டி. பக்கத்தில் கரும்புக் கட்டுகள் ஆள் உயரத்துக்கு. சுண்ணாம்புக் கோட்டுக்கு ஒரு சாண் வெளியே இளநீர் வண்டி. அதன்மேல் காலாட்டிக்கொண்டு கொளஞ்சி.

"வாங்க கார்புரேட்டரு," என்றான். "கரும்ப வாயில வெச்சுக் கடிச்சுத் துப்புனா கூட இந்நேரம் நாலு கிளாசு தேறியிருக்கும்."

"எளநியில எஞ்சின் இல்லாத திமிரு," என்றேன்.

"ஆமாண்ணே, எங்களுதெல்லாம் மேலேர்ந்து கம்பெனி ஃபிட்டிங்கா வருது."

மணி ஏழு பத்து. நான் பதறவில்லை. பிளக்கைக் கழற்றினேன். கயிற்றை இழுத்துப் பார்த்ததில் பொறி நன்றாகவே வந்தது. அப்படியென்றால் கரண்டில் குறையில்லை. வேறென்ன? கார்புரேட்டர்தான். மணலில் சாக்கு விரித்து, கிண்ணத்தைத் திறந்து, அதிலிருந்ததை அப்படியே மணலில் கொட்டிவிட்டு ஜெட்டை எடுத்து ஊதினேன். மாட்டினேன். கயிற்றை இழுத்தேன். லொக்கு, லொக்கு. நின்றுவிட்டது.

மறுபடி கழற்றினேன். மறுபடி ஊதினேன். இந்தத் தடவை மிதவையையும் எடுத்துக் குலுக்கிக் காதில் வைத்துக் கேட்டேன். ஓட்டை விழுந்து பெட்ரோல் புகுந்திருந்தால் உள்ளே சலசலக்கும். ஒரு சத்தமும் இல்லை. அது பாட்டுக்கு நன்றாக இருந்தது. மாட்டினேன். லொக்கு.

மணி ஏழு நாற்பது. மூன்றாவது தடவையாக ஸ்பேனரை எடுத்தேன். அதுவரை கரும்பு சீவிக்கொண்டிருந்த கரீமா கத்தியைக் கீழே வைத்தார்.

"அண்ணே, ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டீங்களே?"

"கேளுங்கம்மா."

"நேத்து நான் கொண்டாரப்ப பத்து நிமிஷம் ஓடுச்சு. நீங்க சரி பண்ண பொறவு ஒரு நிமிஷங்கூட ஓடல. நடுவுல என்னா மாறுச்சு?"

கொளஞ்சி சிரித்த சிரிப்பில் இளநீர்க் குலை ஒன்று உருண்டது. எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. முப்பது வருடத்து மெக்கானிக்கிடம் கேட்கிற கேள்வியா? அப்புறம் கோபத்துக்கு அடியில் அந்தக் கேள்வி அப்படியே உட்கார்ந்திருந்தது. என்ன மாறியது? ஜெட் அதேதான். மிதவை அதேதான். பிளக் அதேதான். பட்டறையில் இரண்டு நிமிடம் நன்றாக ஓடியது. அதற்குப் பிறகு நான் செய்தது ஒன்றே ஒன்று.

"ஒரு கண்ணாடி கிளாசு குடுங்க," என்றேன்.

வண்டிக்குப் பின்னால், கற்பூரமும் பீடியும் எட்டாத பக்கமாக உட்கார்ந்து, டேங்கின் அடிக்குழாயைக் கழற்றிக் கிளாசில் பிடித்தேன். வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தேன். இரண்டு விரல் உயரத்துக்குக் கலங்கலாக ஒன்று. அதற்குமேல் மெல்லிசாகப் பெட்ரோல். கிளாசைச் சாய்த்தால் இரண்டும் ஒன்றோடொன்று பேசாத பங்காளிகள் மாதிரி தனித்தனியாக நகர்ந்தன. அடியில் இருந்தது தண்ணீர். டேங்கின் குழாய் அடியில்தான் இருக்கிறது. எஞ்சின் முதல் வாயே தண்ணீரைத்தான் குடித்திருக்கிறது. மூன்று லிட்டர் அன்பளிப்பு! விஜயராகவன் வராமல் விட்டதில் அவன் வண்டி பிழைத்தது. கரீமாவின் எஞ்சின் மாட்டிக்கொண்டது.

ஊருக்கெல்லாம் எத்தனால் பாடம் எடுக்கிறவன் வீட்டுக் கேன் இது.

நல்ல பெட்ரோலுக்கு எங்கே போவது? தேருக்காக ரோட்டை அடைத்திருந்தார்கள். பங்குக்குப் போய்த் திரும்ப ஒரு மணி நேரமாகும். அப்போதுதான் என் பார்வை ஸ்கூட்டர்மேல் விழுந்தது. ஒரே உதையில் கிளம்பிய ஸ்கூட்டர். அது ஏன் பறந்தது என்று அப்போது புரிந்தது. கரீமாவின் செவ்வாய்க்கிழமைப் பெட்ரோல் அதற்குள்தான் இருந்தது.

ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்து அதன் பெட்ரோல் குழாயைக் கழற்றி பாட்டிலில் பிடித்தேன். வேறொரு கிளாசில் ஊற்றிப் பார்த்தேன். பளிங்கு மாதிரி இருந்தது. எஞ்சின் டேங்கைக் கவிழ்த்து என் அன்பளிப்பு முழுவதையும் ஒரு கேனில் வடித்தேன். கொஞ்சம் நல்ல பெட்ரோல் ஊற்றி அலசினேன். கார்புரேட்டரின் கிண்ணத்தை நாலாம் தடவையாகத் திறந்து துணியால் துடைத்தேன். என் ஆயுளில் ஒரு கார்புரேட்டரிடம் மன்னிப்பு கேட்டது அன்றைக்குத்தான்.

"என்னாண்ணே ஆச்சு?" என்றார் கரீமா.

"பெட்ரோல் கொஞ்சம்... மாத்த வேண்டியிருந்துச்சு," என்றேன். கொளஞ்சி காது நீட்டிக்கொண்டிருந்தான். அதற்குமேல் வாய் வரவில்லை.

ஸ்கூட்டர் பெட்ரோல் முழுவதையும் டேங்கில் ஊற்றி, மூடியைத் திருகி, எட்டு பதினேழுக்குக் கயிற்றை இழுத்தேன். பிடித்தது! சக்கரம் சுழன்றது. கரீமா கரும்பை உள்ளே விட, எலுமிச்சையும் இஞ்சியும் சேர்ந்த வாசனையோடு பச்சை நுரையாகச் சாறு இறங்கியது. இரண்டு பேர் கிளாஸ் கேட்டு நின்றுவிட்டார்கள். நான் கையைத் துடைத்துக்கொண்டு கொளஞ்சியைப் பார்த்தேன். பார்த்த பார்வையில் அடக்கம் துளியும் இல்லை என்று ஒப்புக்கொள்கிறேன்.

எட்டு இருபத்தாறுக்குப் பலராமன் வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய சொல்தா ஒருவரின் மகன். அப்பாவிடமிருந்து வந்தது ஒரு கைக்கடிகாரமும் அதைத் தவிர வேறெதையும் நம்பாத குணமும். நோட்டைத் திறந்துகொண்டு இரண்டு கடை தள்ளி நின்றார்.

எஞ்சின் மூச்சு வாங்கியது.

முதலில் எனக்கு மட்டும்தான் கேட்டது. அப்புறம் எல்லோருக்கும் கேட்டது. இழுத்து, இழுத்து, கரும்பைப் பாதி கடித்த நிலையில் நின்றுவிட்டது.

"போச்சு," என்று கொளஞ்சி வண்டியை விட்டு இறங்கினான். கரீமா வலது கையைச் சக்கரத்தின்மேல் வைத்தார். சுற்றத்தான் போகிறார். அந்தத் தோளோடு.

"கைய எடுங்கம்மா!" என்று கத்தினேன்.

என் கை தானாக ஸ்பேனருக்குப் போனது. பாதி வழியில் நிறுத்தினேன். பத்து நிமிஷம் ஓடுது, மூச்சு வாங்குது, கொஞ்ச நேரம் விட்டா திரும்ப ஓடுது. நேற்றே அவர் அத்தனையும் சொல்லிவிட்டார். நான்தான் காதை மட்டும் கொடுத்திருந்தேன். பெட்ரோல் இருக்கிறதா பார்ப்போம் என்று டேங்க் மூடியைத் திருகினேன். மூடி வரவில்லை. உள்ளிருந்து யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி இருந்தது. பலமாக இழுத்தபோது 'ஸ்ஸ்' என்று காற்றை உறிஞ்சிக்கொண்டு கையோடு வந்தது.

டேங்க் மூடியில் கடுகளவு ஒரு ஓட்டை இருக்கும். பெட்ரோல் கீழே இறங்க இறங்க அந்த ஓட்டை வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் டேங்க் மூச்சடைத்துப் பெட்ரோலைக் கீழே விடாது. மூடியைத் திருப்பினேன். நேற்று நான் பாராட்டிய அந்தப் பாலித்தீன் வட்டம், ஓட்டையை அடைத்துக்கொண்டு, சுத்தமாக, அழகாக உட்கார்ந்திருந்தது.

விரலால் நெம்பி எடுத்தேன். மூடியைப் போட்டுக் கயிற்றை இழுத்தேன். முதல் இழுப்பில் இல்லை. இரண்டாவதில் இல்லை. மூன்றாவதில் பிடித்தது. நின்றிருந்த கரும்பு மிச்சப் பாதியையும் உள்ளே கொடுத்துவிட்டுச் சக்கையாக அந்தப் பக்கம் விழுந்தது.

பலராமன் வந்து நின்றார். கடிகாரத்தைப் பார்த்தார்.

"எட்டு இருபத்தொம்போது. கரும்புச் சாறு, கரீமா. நடக்குது," என்று எழுதினார்.

கொளஞ்சிக்குப் பொறுக்கவில்லை. என் கையிலிருந்த பாலித்தீனைப் பார்த்துவிட்டான். "அட, இதுவா? பிளாஸ்டிக்க வெச்சு வாய அடச்சுட்டு மெஷினு ஓடல மெஷினு ஓடலன்னா? யாரு அக்கா இத வெச்சது?"

கரீமாவின் முகம் சிறுத்தது. "சாறும் ஐஸ் தண்ணியும் தெறிச்சு ஓட்ட வழியா உள்ள போவுதேன்னு நாந்தான் வெட்டி வெச்சேன். என் தப்புதாண்ணே. காலங்காத்தால உங்கள அலைய வெச்சு, மூணு தரம் கழட்ட வெச்சு..."

சுற்றிலும் பத்துப் பேர். என் பெயர் முழுசாகத் தப்பித்துக்கொள்ள அருமையான வழி. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். கார்புரேட்டர் ராஜவேல் கண்டுபிடித்தான். கரும்புக்காரம்மா தப்பு செய்தாள். முடிந்தது. ஒரு விநாடி, ஏன், நாலு விநாடிகூட அந்த யோசனை சுகமாகத்தான் இருந்தது.

அப்புறம் கண்ணாடிக் கிளாசை எடுத்து வந்து கொளஞ்சி மூக்குக்கு நேரே நீட்டினேன்.

"இத பாத்தியா? கீழ இருக்குறது தண்ணி. இது நான் ஊத்துனது. எங்க வீட்டுக் கேன்ல ஏழு மாசம் ஊற வெச்சது. அவங்க வெச்ச தாளோட பத்து நிமிஷமாச்சும் ஓடுச்சு. நான் ஊத்துனதால ஒரு நிமிஷங்கூட ஓடல. தாளயும் நேத்தே பாத்தேன். பாத்துட்டு நல்லா இருக்கேன்னு நெனச்சேன்."

கொளஞ்சி கிளாசைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "ஏண்ணே, இத நீங்களே சொல்லிட்டா நான் ஊருக்குள்ள போயி என்னாத்த சொல்றது?"

"கூட ரெண்டு சேத்துச் சொல்லு."

கரீமா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பா அழுகையா என்று முதலில் தெரியவில்லை, சிரிப்புதான். "கிளாச எடுத்துக்கினு பின்னாடி போனீங்க பாருங்க, அப்பவே தெரியுண்ணே. மொகம் அப்பிடி இருந்துச்சு."

"தெரிஞ்சுமா என் தப்பு என் தப்புன்னீங்க?"

"அது என் தப்பு. இது உங்க தப்பு. அதுக்கென்னா?" என்று சொல்லிவிட்டு வரிசையில் நின்றவர்களுக்குக் கிளாஸ் நீட்ட ஆரம்பித்தார்.

நாற்பது நிமிடம் அங்கேயே நின்றேன். இந்தத் தடவை நாற்பது நிமிடம் சோதித்தேன். எஞ்சின் ஒரு தும்மல்கூடப் போடவில்லை. தேர் முனையில் திரும்பியபோது வண்டியைச் சுற்றி நாலு வரிசைக் கூட்டம். கொளஞ்சி இளநீர் வண்டியைத் தள்ளிக்கொண்டு கடற்கரைப் பக்கம் போனான். போகிற வழியில் ஒரு கிளாஸ் வாங்கிக் குடித்துவிட்டு, "இஞ்சி கம்மி," என்று சொல்லிவிட்டுப் போனான். கரீமா இரண்டு பாட்டிலில் சாறு நிரப்பி, "அண்ணிக்கு," என்று என் கையில் திணித்தார்.

புறப்படும்போதுதான் உறைத்தது. ஸ்கூட்டர் டேங்க் காலி. கையில் ஒரு கேன் நிறைய என் அன்பளிப்பு இருந்தது. அதை ஊற்ற ஸ்கூட்டர் என்ன பாவம் செய்தது?

கேனை முன்னால் வைத்து, சாறு பாட்டில்களை மாட்டிக்கொண்டு, தேரைப் பார்க்க எதிரே வருகிற ஊரையெல்லாம் விலக்கியபடி தள்ளினேன். தெரிந்த முகம் ஒவ்வொன்றும் நின்று கேட்டது.

"என்னா ராஜவேலு, உங்க வண்டியேவா? கார்புரேட்டரா?"

"இல்லப்பா," என்றேன் ஒவ்வொருவரிடமும். "கார்புரேட்டர் நல்லாத்தான் இருக்கு. பெட்ரோல் இல்ல."

அரியாங்குப்பம் வந்து சேர்வதற்குள் பதினேழு தடவை சொன்னேன். பதினேழு பேரில் ஒருவர்கூட நம்பவில்லை.